பத்துக்குள் இருந்தால் போதுமா? நிரல் சிக்கலை எண்ணும் பழக்கம் பற்றிச் சில குறிப்புகள்

சிறுசேரி சிப்காட்டிலோ, பரனூர் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலோ வேலை பார்க்கும் ஒருவரிடம் "உங்க கோட் எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். நல்லா இருக்கு, மோசமா இருக்கு என்று பதில் வராது. ஒரு எண் வரும். "எல்லா ஃபங்ஷனும் பத்துக்குள்ள இருக்கு சார்." சில இடங்களில் பதினைந்து. அந்த எண்ணைத் தாண்டினால் பில்டு சிவப்பாகும், கோட் உள்ளே போகாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓஎம்ஆர் ஓரமாகத் தினமும் எத்தனையோ பேர் இந்த எண்ணுக்காக ஃபங்ஷன்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது. அதே மாவட்டத்தின் கடற்கரையில், அந்த எண் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லாமல் விட்டால் நிஜமாகவே ஆபத்து வரக்கூடிய ஒரு இடத்தைப் பற்றியதும்கூட.

முதலில் எண்ணின் கதை. தாமஸ் மெக்கேப் என்ற அமெரிக்கர் 1976-ல் ஐஇஇஇ-யின் மென்பொருள் பொறியியல் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நிரலை ஒரு வரைபடமாகப் பாருங்கள்: ஒவ்வொரு கட்டளைத் தொகுதியும் ஒரு முனை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி ஒரு கோடு. கோடுகளின் எண்ணிக்கையிலிருந்து முனைகளின் எண்ணிக்கையைக் கழித்து இரண்டைக் கூட்டினால் வருவதுதான் சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்சிட்டி. எளிய கணக்கு வேண்டுமென்றால், நிரல் முடிவெடுக்கும் இடங்களை எண்ணி ஒன்று கூட்டுங்கள். ஒரு இஃப் கூட இல்லாத ஃபங்ஷனுக்கு 1. பத்து இஃப் இருந்தால் 11. அவர் பார்த்தவை அந்தக் காலத்து ஃபோர்ட்ரான் நிரல்கள். பத்து என்ற வரம்பை முன்வைத்தவரும் அவர்தான். ஆனால் அதில் மந்திரம் எதுவுமில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். நீளமான கேஸ் வரிசை உள்ள ஃபங்ஷனுக்கு விலக்குத் தரலாம் என்றும் எழுதினார். அந்த விலக்கு நம்ம ஊர் டூல்களுக்கு வந்து சேரும்போது எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

இந்த எண்ணின் உண்மையான பயன், எத்தனை சோதனை வேண்டும் என்று சொல்வது. ஒரு ஃபங்ஷனின் மதிப்பு 8 என்றால், ஒன்றிலிருந்து ஒன்று தருவிக்க முடியாத எட்டு வழிகள் அதில் இருக்கின்றன. குறைந்தது எட்டு டெஸ்டாவது யோசியுங்கள் என்று அர்த்தம். இது தெளிவான, கணிதமான விஷயம். "இந்த நிரலை நாளைக்கு வேறொருவர் திருத்த முடியுமா?" என்ற கேள்விக்கும் இதே எண் பதில் சொல்லும் என்று எப்போது நம்ப ஆரம்பித்தோமோ, அங்கேதான் தகராறு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு ஃபங்ஷனின் மதிப்பு 24. அதாவது 23 முடிவுகள். டூல் திட்டுகிறது. அதை நான்கு துண்டாக வெட்டுகிறோம்: 6, 6, 6, 5 முடிவுகள். நான்கின் மதிப்பும் 7, 7, 7, 6. எல்லாம் பச்சை. இப்போது கூட்டிப் பாருங்கள்: 27. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்று கூடியிருக்கிறது. முன்பு மேலிருந்து கீழே படித்த ஒருவர் இப்போது நான்கு இடங்களுக்குத் தாவ வேண்டும். நான்குக்கும் பொதுவான மாறிகளைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு அர்த்தம் இருந்தால், அந்தத் துண்டுக்கு நிஜமான ஒரு பெயர் வைக்க முடிந்தால், லாபம்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் 'செக்_பார்ட்1', 'செக்_பார்ட்2' என்று ஆறு வரை போன ஃபங்ஷன்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதைக் கூப்பிடாமல் நான்காவதைக் கூப்பிட்டால் பணம் தப்பாகக் கணக்காகும். டூலுக்கு அது தெரியாது. டேஷ்போர்டு பச்சைப் பசேல் என்று இருந்தது. அதை எழுதியவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பச்சையாக்கச் சொல்லி உத்தரவு.

இன்னொரு எண்ணும் உண்டு: மெயின்டெய்னபிலிட்டி இன்டெக்ஸ், பராமரிப்புக் குறியீடு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது; ஹியூலெட்-பேக்கர்டு நிரல்களை வைத்துச் சரிபார்த்தார்கள். சூத்திரம் இப்படி: 171-லிருந்து மூன்றைக் கழிக்க வேண்டும். ஹால்ஸ்டெட் கொள்ளளவின் இயல் மடக்கையை 5.2 ஆல் பெருக்கியது ஒன்று. மெக்கேப் எண்ணை 0.23 ஆல் பெருக்கியது இரண்டு. வரிகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கையை 16.2 ஆல் பெருக்கியது மூன்று. விஷுவல் ஸ்டுடியோ இதை நூற்றுக்கு மாற்றித் தருகிறது. அதில் 20 எடுத்தாலே பச்சை! நம்ம ஊரில் பத்தாம் வகுப்புப் பையன் பாஸாக 35 வேண்டும்.

அந்தச் சூத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். கஷ்டப்பட்டு ஒரு ஃபங்ஷனின் மெக்கேப் எண்ணை 20-லிருந்து 10-க்குக் குறைத்தால் குறியீடு 2.3 ஏறும். எதையும் எளிமையாக்காமல் வரிகளை மட்டும் பாதியாக்கினால் 11-க்கு மேல் ஏறும். அப்படியென்றால் இது பெரும்பாலும் நீளத்தைத்தான் அளக்கிறது. மெக்கேப் எண்ணே பல நேரம் வரி எண்ணிக்கையின் இன்னொரு வேஷம்தான் என்று மார்ட்டின் ஷெப்பர்ட் 1988-லேயே விமர்சனம் எழுதிவிட்டார். இந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் அதைத் தவறென்று முழுசாக நிரூபித்த யாரையும் விட, அதை டூலில் போட்டு விற்றவர்கள் வேகமாக இருந்தார்கள்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் டொயோட்டா கார் தானாக வேகமெடுத்த வழக்கில் நிபுணர்கள் அதன் எஞ்சின் நிரலைப் பார்த்தார்கள். மெக்கேப் எண் 50-க்கு மேல் போன ஃபங்ஷன்கள் 67. அந்த அளவில் எண் கூச்சலே போடுகிறது, கேட்காமல் இருப்பதுதான் தப்பு. எண் பெரிதாக இருந்தால் போய்ப் பார்க்க வேண்டும். சிறிதாக இருந்தால் பார்க்க வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதில்தான் எனக்குச் சண்டை.

இப்போது கடற்கரைக்குப் போவோம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே ஈசிஆரில் கொஞ்ச தூரம்தான். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18-ல். அதன் முழு வடிவமைப்புத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தை அது எட்டியது 2022 மார்ச்சில். அதற்கு அடுத்த பெரிய உலைதான் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை. 2003-ல் அனுமதி, 2004-ல் கட்டுமானம், 2010-ல் முடிக்கத் திட்டம். எரிபொருள் நிரப்பும் வேலையைப் பிரதமர் வந்து தொடங்கி வைத்தது 2024 மார்ச் 4-ல். தாமதத்தைப் பற்றி எழுத இது இடமில்லை. நிரல் என்ற கோணத்தில் மட்டும் யோசியுங்கள். 2004-ல் இருபத்தைந்து வயசில் ஒரு வரி எழுதியவருக்கு 2024-ல் நாற்பத்தைந்து. அந்தக் காலத்தில் உலகமெங்கும் சி மொழிக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு விதித் தொகுப்பான மிஸ்ரா-சி, 1998 பதிப்பு போய் 2004 வந்து, அதுவும் போய் 2012 வந்துவிட்டது. உலை ஒரு யூனிட் மின்சாரம் தருவதற்கு முன்பே அதன் மென்பொருளுக்குப் பராமரிப்பு தேவைப்படும். 'மெயின்டெய்னபிலிட்டி' என்ற சொல்லுக்கு ஓஎம்ஆரில் ஒரு அர்த்தம், இங்கே இன்னொரு அர்த்தம்.

அந்த உலையின் மையத்தில் 181 எரிபொருள் தொகுப்புகள். திரவ சோடியம் 397 டிகிரி செல்சியஸில் உள்ளே போய் 547-ல் வெளியே வருகிறது. ஒவ்வொரு தொகுப்பின் தலைமாட்டிலும் தெர்மோகப்பிள்கள் வெப்பநிலையைப் பார்க்கின்றன, கணினிகள் அதைப் படிக்கின்றன. உலையை நிறுத்த ஒன்றையொன்று சாராத இரண்டு ஏற்பாடுகள்: ஒன்றில் 9 தண்டுகள், மற்றதில் 3. இப்படிப்பட்ட இடங்களில் உலகெங்கும் பரவலான வழக்கம் ஒன்று உண்டு: ஒரே அளவை மூன்று தனித்தனிச் சேனல்கள் பார்க்கும், மூன்றில் இரண்டு 'நிறுத்து' என்றால் நிறுத்தம். இந்த மூன்றில்-இரண்டு விதியை எடுத்துக்கொண்டு மெக்கேப் எண்ணோடு கொஞ்சம் விளையாடிப் பார்ப்போம். (இது நான் போட்டுப் பார்த்த பயிற்சி, எந்த உலையின் நிரலும் அல்ல.)

முதல் வழி: அ-வும் ஆ-வும், அல்லது ஆ-வும் இ-யும், அல்லது இ-யும் அ-வும் 'நிறுத்து' என்றால் நிறுத்து. ஒரே இஃப்தான், ஆனால் உள்ளே ஆறு நிபந்தனைகள். நிபந்தனை ஒவ்வொன்றையும் எண்ணும் டூலில் இதன் மதிப்பு 7. இரண்டாவது வழி: 'நிறுத்து' சொன்ன சேனல்களைக் கூட்டு, கூட்டல் 2 அல்லது அதற்கு மேல் என்றால் நிறுத்து. மதிப்பு 2. இரண்டாவதுதான் படிக்கவும் நல்லது. இதுவரை எண்ணும் நானும் ஒரே கட்சி.

இப்போது கூட்டல் 2-ஐ "விட அதிகம்" என்றால் நிறுத்து என்று மாற்றிப் பாருங்கள். 'அல்லது சமம்' மட்டும் போச்சு. இரண்டு சேனல்கள் கத்தினாலும் உலை ஓடும். மதிப்பு? அதே 2. கூட்டல் 1 என்றாலே நிறுத்து என்று மாற்றினாலும் அதே 2; ஒரு ஒயர் கழன்றால் 500 மெகாவாட் நின்றுவிடும். சரியான நிரல், கொல்லக்கூடிய நிரல், நச்சரிக்கும் நிரல் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண். எண்ணைக் குறை சொல்ல முடியாது, அது சரியா தப்பா என்று சொல்வதாக அது எப்போதும் வாக்குக் கொடுக்கவில்லை.

இப்படி வேண்டுமென்றே சின்னச் சின்னத் தப்புகளை நுழைத்து, நம் டெஸ்டுகள் அதைப் பிடிக்கின்றனவா என்று பார்ப்பதற்கு மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர். 2012-ல் 'அன்னல்ஸ் ஆஃப் நியூக்ளியர் எனர்ஜி' இதழில் கல்பாக்கம் ஆய்வாளர்கள் அணு உலைப் பாதுகாப்பு மென்பொருளின் நம்பகத்தன்மையைக் கணக்கிட ஒரு வழி சொன்னார்கள். அதன் நடுவில் இருப்பது இந்த முறைதான். நம்பகத்தன்மை மூன்றைச் சார்ந்தது என்பது அவர்கள் முடிவு: சோதனைகள் எவ்வளவு போதுமானவை, நிரலில் எவ்வளவு சரிபார்க்கப்பட்டது, ஏற்கெனவே சரிபார்த்த நிரலை எவ்வளவு மறுபடி பயன்படுத்தினார்கள். பத்துக்குள் இருக்கிறதா என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேலான கேள்வி என்பது என் அபிப்ராயம். 'தப்பு நடந்தால் எனக்குத் தெரியுமா?' என்பதை அது கேட்கிறது. ஒரே ஒரு குறை: அது இன்று கையில் இருக்கும் நிரலைப் பற்றிய கேள்வி. பதினைந்து வருஷம் கழித்து ஒரு தெர்மோகப்பிள் கார்டு சந்தையில் கிடைக்காமல் போய், புதுசுக்கு ஏற்ப மாற்ற வேண்டி வரும்போது என்ன ஆகும் என்பதை அது அளப்பதில்லை. அந்தக் கட்டுரையின் நோக்கமும் அதுவல்ல, ஒழுங்குமுறை அமைப்பு உரிமம் தரும்போது உதவுவதற்காக எழுதியது.

நம் மூன்று சேனலுக்குத் திரும்புவோம். சேனலுக்கு 'சரி', 'நிறுத்து' இரண்டு நிலை மட்டும் போதாது. 'பழுது' என்று மூன்றாவது நிலையும் உண்டு. மூன்று சேனல், மூன்று நிலை: 27 சேர்க்கைகள். இதை இஃப்-எல்ஸ் ஆக எழுதினால் டூல் அலறும். 27 வரிசை உள்ள ஒரு அட்டவணையாக எழுதி, நிரல் அதைப் பார்த்துப் பதில் சொல்லட்டும் என்றால் மதிப்பு 1! டூல் கைதட்டும். ஆனால் சிக்கல் எங்கே போச்சு? அட்டவணைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வரிசையில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்தாலும் எண் அசையாது. அட்டவணையே நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, காரணம் வேறு: உலை இயக்குபவரிடம் அதைக் காட்டி "அண்ணே, இந்த வரிசை சரியா?" என்று கேட்க முடியும். ஏழு அடுக்கு இஃப்-ஐக் காட்டி அப்படிக் கேட்க முடியாது.

சரி, 27-ஐக் குறைக்க முடியுமா? மூன்று சேனல்களும் ஒரே மாதிரியானவை, எது எந்த இடத்தில் இருந்தாலும் வித்தியாசமில்லை என்று ஒத்துக்கொண்டால், எத்தனை 'நிறுத்து', எத்தனை 'பழுது', எத்தனை 'சரி' என்பது மட்டும் போதும். 27 என்பது 10 ஆகிவிடும். இன்னொரு படி: பழுதானதை 'நிறுத்து' என்றே எடுத்துக்கொள் என்று முடிவு செய்தால், 10 என்பது 4 ஆகிவிடும். இதுதான் நிஜமான எளிமையாக்கம். இந்த இரண்டு குறைப்பிலும் நிரலாளர் செய்தது ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலாவது கருவிகளைப் பற்றிய ஒரு உண்மை. நிஜத்தில் ஒரு சேனல் மட்டும் வேறு வகைக் கருவி என்றால் அது பொய். இரண்டாவது ஒரு கொள்கை முடிவு, அதற்கு விலை உண்டு. பழுதை நிறுத்தமாக எண்ணினால் தேவையில்லாத நிறுத்தங்கள் கூடும். சோடியம் வெப்பத்தைப் பிரமாதமாகக் கடத்தும்; திடீரென்று உலை நின்றால் வெப்பநிலைச் சரிவு சட்டென்று உலோகக் கட்டமைப்புகளுக்குப் போய்ச் சேரும், அதனால் உலோகம் களைக்கும். நிரலில் ஒரு இஃப் குறைந்ததற்குக் குழாயும் பாத்திரமும் விலை தருகின்றன. குறைக்கலாமா கூடாதா என்பது வேறு. யார் அந்த விலையை ஏற்றுக்கொண்டார்கள், எங்கே எழுதி வைத்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். கோட் ரிவ்யூவில் தெரிவதோ "காம்ப்ளெக்சிட்டி குறைந்தது, நன்று" என்ற ஒரு வரி மட்டும்.

(இந்த ஊரில் ரீஃபேக்டரிங் பற்றிப் பேசும்போது மாமல்லபுரத்துச் சிற்பியை இழுக்காதவர்கள் குறைவு: வேண்டாததைச் செதுக்கினால் சிலை வரும் என்று. அங்கே பாதியில் நின்ற ரதங்களைப் போய்ப் பாருங்கள். மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடிப்பாகம் வெறும் பாறை. செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நிரலில் முடியும். உவமை அழகாக இருக்கிறது, பொருந்தவில்லை.)

கனடாவின் டார்லிங்டன் அணுமின் நிலையக் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னை அணுமின் நிலைய உலைகளின் பரம்பரையும் அந்தக் கனடிய கேண்டு வகையிலிருந்து வந்ததுதான். டார்லிங்டனில் உலையை நிறுத்தும் இரண்டு ஏற்பாடுகளையும் மென்பொருளிடம் விட்டார்கள். 1980-களின் கடைசியில் ஒழுங்குமுறை அமைப்பு இது சரியாக இருக்கிறது என்று எப்படி நம்புவது என்று கேட்டது. டேவிட் பார்னாஸை ஆலோசனைக்கு அழைத்தார்கள். 1972-ல் நிரலை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதியவர். எது பின்னால் மாறக்கூடுமோ அதை ஒரு பகுதிக்குள் ஒளித்து வை என்பது அவருடைய கட்சி. தேவைகளையும் நிரலையும் தனித்தனியாக அட்டவணைகளாக எழுதி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று வரிசை வரிசையாகப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் ஆனது, செலவும் ஏகம். கடைசியில் 1990-ல் உரிமம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: இந்த மென்பொருள் பயன்படுத்தப் பாதுகாப்பானது, ஆனால் பராமரிக்க முடியாத அளவுக்குக் கடினமானது, மறுபடி வடிவமைத்து எழுதுங்கள். எழுதினார்கள், அந்தப் பத்தாண்டு முழுக்க அந்த வேலைதான்.

இந்தத் தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'சரியாக இருக்கிறது' என்பதையும் 'திருத்த முடியும்' என்பதையும் அது தனித்தனியாக எடைபோட்டது. ஒரு முறை சரிபார்க்க அத்தனை பேர் அத்தனை மாதம் உட்கார வேண்டியிருந்தது. ஒரு சின்ன மாற்றம் செய்தால் மறுபடி அத்தனையும் செய்ய வேண்டும். ஒரு மாற்றத்துக்குப் பிறகு மீண்டும் நம்பிக்கை வருவதற்கு எவ்வளவு உழைப்பு தேவை? பராமரிப்பு என்றால் எனக்கு அதுதான். எந்தச் சூத்திரமும் இதை ஒரு ஃபைலை மட்டும் பார்த்துச் சொல்லிவிடாது.

மாற்றம் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. சுனாமி நீர் பம்பு வீட்டுக்குள் ஏறியது, கடல்நீர்ப் பம்புகள் நின்றன, உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். பக்கத்தில் ஈனுலைக்குத் தோண்டிய குழியிலும் கடல் புகுந்தது. 2011-ல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு நாட்டின் எல்லா உலைகளையும் மறுபடி ஆராய்ந்தார்கள். ஒரு மென்பொருள் பயன்பாட்டில் இருக்கும்வரை மாறிக்கொண்டே இருக்கும், தனியாக உழைப்புப் போடாவிட்டால் அதன் சிக்கல் ஏறிக்கொண்டே போகும் என்று 1970-களிலேயே மெயர் லேமன் எழுதினார். அவர் பார்த்தவை ஐபிஎம்-மின் பெரிய நிரல்கள். அலுவலக மென்பொருளில் மாற்றம் கஸ்டமரிடமிருந்து வரும். இங்கே கடலிலிருந்து வந்தது.

ஆகவே ஓஎம்ஆர் நண்பர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். பத்து என்ற வரம்பு இருக்கட்டும். மதிப்பு குறைந்த ஒவ்வொரு முறையும் ரிவ்யூவில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: குறைந்தது எங்கே போனது? வேறு ஃபங்ஷனுக்குப் போனதா, அட்டவணைக்குப் போனதா, டேட்டாபேஸில் ஒரு காலமாகப் போனதா, அல்லது தொழிலைப் பற்றிய ஒரு முடிவை யாரோ எடுத்ததால் நிஜமாகவே இல்லாமல் போனதா? கடைசி வகை என்றால் முடிவெடுத்தவர் யார், என்றைக்கு எடுத்தார்? வங்கி, இன்ஷூரன்ஸ், லாஜிஸ்டிக்ஸ் எதுவானாலும் இதைக் கேட்கலாம். நான் பார்த்தவரை நூறு ரீஃபேக்டரிங்கில் பெரும்பாலானவை முதல் வகைதான்.

மூன்று சேனலின் அந்தப் பத்து வரிசை அட்டவணையில் எட்டு வரிசைகளுக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள். மூன்றும் சரி என்றால் ஓட்டு, மூன்றும் பழுது என்றால் நிறுத்து, இப்படி. வாக்குவாதம் வருவது இரண்டுக்குத்தான். ஒன்று 'நிறுத்து', ஒன்று 'பழுது', ஒன்று 'சரி'. இன்னொன்று, இரண்டு 'பழுது', மிச்சமிருக்கும் ஒரே ஒரு சேனல் 'எல்லாம் சரி' என்கிறது. ஒரு மென்பொருளைப் பராமரிக்க என்னைக் கூப்பிட்டால் முதல் நாள் இந்த இரண்டு வரிசைகளைத்தான் தேடுவேன். பக்கத்தில் ஒரு கையெழுத்தும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.